கொழுந்துக் கூடைக்குள் ஒரு விமானி

என் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே, ஒரு பிரம்புக் கூடை தலைகீழாகத் தொங்குகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய கூடை. உள்பக்கம் முழுக்க உரச்சாக்கு வைத்துத் தைத்திருக்கும். அடிப்பாகத்தில், அதாவது இப்போது மேலே தெரிகிற பாகத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னென்னவோ சொல்வார்கள். "பல்பு மாட்ட மறந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் அதன் முன்னால் கண்கலங்க நின்று, முன்னோர்களின் உழைப்பைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொன்னார். அவர் மனத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாழ்நாளெல்லாம் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற நான், முதன்முதலாக ஒழுங்காக ஓட்டிய விமானம் அந்தக் கூடைதான். அதற்கு இறக்கையும் கிடையாது, இன்ஜினும் கிடையாது. கட்டுப்பாட்டு அறை மட்டும் இருந்தது. அது என் அக்கா.

நாங்கள் மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடு ஒன்றில் வளர்ந்தவர்கள். அப்பா தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். தானா ராத்தா நகரம்வரை போய்ப் படிக்கிற வசதி வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் என்று முடிவானபோது, அந்த ஒரு பிள்ளையாக நான் ஆகிப்போனேன். மூத்தவள் அக்கா, படிப்பிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆறாம் வகுப்போடு புத்தகப் பையை எனக்குக் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்காக அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க என்னைக் கிண்டல் செய்யும் உரிமையை அன்றே எழுதி வாங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அந்த உரிமையை ஒருநாளும் அவள் வீணாக்கியதில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில், ஈப்போவில் இருந்த ஒரு பறக்கும் கழகத்தில் விமானம் ஓட்டப் படித்தேன். உதவித்தொகை விமானத்துக்கு மட்டும்தான் போதும், வயிற்றுக்குப் போதாது. அதனால் காலையில் விமானம் ஓட்டுவேன், மாலையில் அதே விமானத்தைக் கழுவுவேன். கழுவுவதில்தான் என் திறமை அதிகம் என்று கழகத்தில் பரவலான கருத்து இருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்த கேப்டன் ஈப்போவிலேயே பிறந்த ஒரு சிங். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடிக் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. அதில் மலேசியப் பேச்சின் "லா" உண்டு, மரியாதை விகுதிகளுக்கு மட்டும் இடமே இல்லை. வயதானவரானாலும் வங்கி மேனேஜரானாலும் அவருக்கு "வா", "போ"தான்.

விமானம் ஓட்டுகிறவனுக்கு உயிருக்கு அடுத்தபடியான சொத்து லாக்புக். ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் எங்கே போனோம், எவ்வளவு நேரம், யாரோடு என்று அதில் அவனே எழுத வேண்டும். பல கட்டங்கள் உண்டு. அதில் ஒரு கட்டம் கொஞ்சம் விசேஷமானது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே பார்க்க ஒன்றுமில்லை. வெள்ளை, எங்கும் வெள்ளை. மேல் எது கீழ் எது என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் வட்ட வட்டக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டிய நேரத்தை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதலாம். வானம் தெளிவாக இருக்கிற நாட்களில் பயிற்சிக்கென்று ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வைத்திருந்தார்கள். குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிற மாதிரி, அதை நெற்றியில் மாட்டினால் ஜன்னல் தெரியாது, கருவி மட்டும் தெரியும். அந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கட்டம் குறிப்பிட்ட அளவு நிறைந்தால்தான் கருவிப் பறத்தல் தேர்வு எழுத முடியும். அந்தத் தேர்வில் தேறினால்தான் வேலை.

மற்றவர்கள் இதற்குப் பயந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. "மேகத்துக்குள்ளயே பொறந்து வளந்தவன் நான். எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்குப் போறதே மேகத்துல புகுந்துதான்" என்று கழகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கேப்டனும் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். முதல் முறையாக நிஜ மேகத்துக்குள் என்னை அழைத்துப் போனபோது, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, "ஓட்டு லா, மேகத்து ராஜா" என்றார். ஓட்டினேன். நேராகப் போகிறோம் என்று என் உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் சத்தியம் செய்தது. சற்று நேரம் கழித்து கேப்டன் மெதுவாகக் கேட்டார்: "எங்க போற? வீட்டுக்கா?" கருவியைப் பார்த்தேன். இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, ஒரு பெரிய வட்டம் அடித்துக்கொண்டிருந்தோம். நிமிர்த்தினேன். மறுபடியும் இடப்பக்கம். அடுத்த நாளும் இடப்பக்கம்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் லயன் வீட்டிலிருந்து மலைச்சரிவை வெட்டிப் போட்ட ஒரே ஒரு பாதைதான் வெளியே போகிறது. போகும்போது இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் பள்ளம். மூடுபனியில் கண் தெரியாதபோது மலைப்பக்கமாகச் சாய்ந்து நட என்று நடை பழகும்போதே சொல்லி வளர்ப்பார்கள். திரும்பி வரும்போது பொழுது ஏறிப் பனி விலகியிருக்கும், சாய வேண்டியதில்லை. ஆகவே வெள்ளையாக எதைப் பார்த்தாலும் என் உடம்பு தானாக இடப்பக்கம் சாயும். தரையில் அது உயிரைக் காப்பாற்றிய பழக்கம். ஆகாயத்தில் அதே பழக்கம் ஆளை மேலே அனுப்பிவிடும். அதாவது இன்னும் மேலே.

கேப்டன் இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றைத் தரையிறங்கியதும் கொடுத்தார். நான் பறந்த நேரம் முழுவதையும் அந்தக் கட்டத்தில் அழகாக எழுதியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கிளம்பறப்ப ஓடுபாதை தெரிஞ்சதா?" என்றார். தெரிந்தது என்றேன். "கழி. இறங்கறப்ப?" தெரிந்தது. "கழி. நடுவுல மேகம் பிஞ்சு கீழ ரோடு தெரிஞ்சதே, எட்டிப் பார்த்தியே?" பார்த்தேன். "அதையும் கழி." எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியதை எழுத அந்தக் கட்டமே பெரிதாகத் தெரிந்தது.

அந்த வருஷம் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது இந்தச் சாய்மானத்தை ஒழித்துவிட்டுத்தான் திரும்புவது என்று தீர்மானித்தேன். அக்காவின் பழைய கூடை ஒன்று மூலையில் கிடந்தது. உள்ளே சாக்கு வைத்துத் தைத்தேன். கவிழ்த்துத் தலையில் போட்டால் தோள்வரை இறங்கியது, உள்ளே கும்மிருட்டு. வெளிச்சத்துக்காக அடியில் சதுரமாக வெட்டினேன். மார்புக்கு நேரே ஒரு பலகையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். அது காலையும் பாதையையும் மறைத்துக்கொண்டது. பலகையில் பள்ளிச் சாரணர் படையில் கிடைத்த திசைகாட்டி. அதற்குப் பக்கத்தில், படுக்கவைத்துக் கட்டிய ஓர் இருமல் மருந்துப் புட்டி, பாதிக்கு மருந்தோடு. நான் சாய்ந்தால் மருந்து மட்டம் சாயாது. புட்டி மட்டும் சாயும். விமானத்தில் இருக்கும் செயற்கைத் தொடுவானத்துக்கு நான் கண்டுபிடித்த மலிவு வடிவம் அது. உலகத்திலேயே சளிக்கும் உதவுகிற ஒரே விமானக் கருவி.

ஞாயிற்றுக்கிழமை காலை, இறக்கிவைத்த மாதிரி மூடுபனி. கூடையை மாட்டிக்கொண்டு பாதையில் நின்றேன். கண் தெரியாமல் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் கண் தெரிகிற ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பறத்தல் விதி. அந்த வேலைக்கு அக்காவை அமர்த்தினேன். அக்கா கூடையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"ஏண்டா, இதுக்குத்தான் அப்பா உன்ன ஈப்போவுக்கு அனுப்பிச்சாரா?"

"சிரிக்காதக்கா. வடக்கு, கிழக்குன்னு சொல்லு. நான் போறேன்."

"வடக்காவது கிழக்காவது. பீச்சாங்கை, சோத்தாங்கை. அதுதான் எனக்குத் தெரியும்."

"சரி, அதையாவது ஒழுங்கா சொல்லு."

ஒழுங்காகத்தான் சொன்னாள். "நேரா வா. மருந்து சாயுது, நிமிரு. இன்னும் சாயுது பாரு, கழுத்தையா சாய்க்கச் சொன்னேன்? நிமிரு. ஆங், அப்படித்தான்." நாள் கணக்கில் இப்படி நடந்தோம். மெல்ல மெல்லப் புட்டி நேராக நின்றது. உடம்பு "மலைப்பக்கம் சாய்" என்று கெஞ்சும். கண் புட்டியைப் பார்த்து "முடியாது" என்று சொல்லும். நான் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே நல்ல குணம் அதுதான்.

கடைசி நாள், அவள் வேலைக்குப் போகிற நாள். மத்தியானம் என்னைத் தேடி வந்து, "இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. தூரமா போவோம்" என்றாள். கூடைக்குள் புகுந்தேன். "நேரா. இப்ப சோத்தாங்கை. கொஞ்சம் ஏத்தம். நிமிரு. அருமையா வர்றடா. இன்னும் பத்தடி." மருந்து மட்டம் ஆடவில்லை. பெருமையில் நெஞ்சு விம்ம நடந்தேன். திடீரென்று, "நில்லு. வந்து சேந்தாச்சு. எடு கூடைய" என்றாள். எடுத்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் நட்டநடுவில், தராசுக்கு முன்னால், வரிசையில் நிற்கும் இருபது முப்பது பெண்களுக்கு எதிரே நான், மார்பில் இருமல் மருந்தோடு நின்றுகொண்டிருந்தேன். கொட்டகையின் தகரக்கூரை அன்று சிரிப்பில் பறக்காமல் இருந்தது ஆச்சரியம். "பைலட்டு தொரைக்கு எத்தன கிலோன்னு நிறுத்துப் பாருங்க" என்றாள் அக்கா, நிறுவைக் கிராணியிடம்.

எடை எழுதும் குமாஸ்தாவான கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு எப்போதுமே வராது. பனி படிந்த நாளில் கொழுந்து ஈரமாக இருக்கும், எடை கூடும், ஆகவே தண்ணீருக்கென்று ஒரு கழிவு உண்டு. மூடுபனி என்றால் கூடைக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கழித்துவிட்டு எழுதிக்கொண்டே போவார். கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அக்காவுக்கும் அவருக்கும் இதில் தினமும் சண்டை. அன்றும் நடந்தது.

"நான் ஒதறி ஒதறிப் போட்டிருக்கேன். தொட்டுப் பாருங்க. எங்க இருக்கு தண்ணி?"

"மூடுபனின்னா மூடுபனிதான். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"பனி வெளிய இருக்கு கிராணி ஐயா. கூடைக்குள்ள கொழுந்துதான் இருக்கு."

அவர் கழித்துத்தான் எழுதினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, எங்கள் லாக்புக்கிலும் இப்படி ஒரு கழிவு இருப்பதைச் சொன்னேன். கண் தெரிந்த நேரத்தைக் கழித்துவிட்டு, மேகத்துக்குள் இருந்த நேரத்தை மட்டும் எழுத வேண்டும் என்று விளக்கினேன். அக்கா நின்றுவிட்டாள்.

"யாரு கழிக்கிறது?"

"நான்தான்."

"பக்கத்துல யாரு நின்னு பாக்கறா?"

"யாருமில்ல. நாமளா எழுதிக்க வேண்டியதுதான். கேப்டன் கையெழுத்துப் போடுவாரு."

"தராசும் உன் கையில, பென்சிலும் உன் கையில. அப்புறம் எதுக்குடா அழுவுற? அத்தனையும் எழுது! ஆகாசத்துல போயி யாரு தொட்டுப் பாக்கப் போறா?" இதைச் சொல்லும்போது அவள் விளையாடவில்லை. தன் கொழுந்தில் இல்லாத தண்ணீரைப் பிறர் கழிக்கும்போது, தனக்குத் தானே கழித்துக்கொள்ளும் ஒருவனை அவள் அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள். அவன் தன் கூடப்பிறந்தவனாக வேறு இருக்கிறான். எனக்கும் அப்போது அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

ஈப்போவுக்குத் திரும்பிய பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. சிறிய விமானங்களை வாடகைக்கு ஓட்டும் ஒரு கம்பெனியில் ஓர் இடம் காலியாக இருந்தது. கருவிப் பறத்தல் தேர்வில் முதலில் தேறுகிறவருக்கு அந்த இடம். தேர்வாளர் கோலாலம்பூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார்; வருகிற திங்கட்கிழமை வரப்போகிறார், அதை விட்டால் பல மாதம் ஆகும். கழகத்தில் நானும் இன்னொருவரும் போட்டியில் இருந்தோம். அவருக்குக் கட்டம் நிறைந்துவிட்டது. எனக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. சரியான கருவிகள் உள்ள விமானம் கழகத்தில் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கிடைத்தது. என் முறை முடிந்ததும் ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு அதை எடுத்துக்கொண்டு லங்காவித் தீவுக்குப் போகிறார்; திங்கள் காலைதான் திரும்புவார். ஆக, அந்த ஒரு காலைதான்.

அந்த வாரம்தான் தீபாவளித் துணி எடுக்க அக்கா ஈப்போவுக்கு வந்திருந்தாள். மலையில் இருக்கும் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியில் அடிவாரத்துத் தாப்பாவரை, அங்கிருந்து பஸ். என்னை வழியனுப்ப விமானத் திடலுக்கு வந்தவளைக் கேப்டன் ஏற இறங்கப் பார்த்தார். "இதுதான் உன்ன நிமித்தின அக்காவா?" என்றார். "பின்னால சீட்டு காலியா இருக்கு. நீயும் ஏறு லா." அக்கா என் காதோடு, "என்னடா, தொரை மாதிரி இருக்காரு, வா போங்கறாரு?" என்றாள். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டாள்.

ஏறி உட்கார்ந்தபோது ஒரு சத்தம் கேட்டது. முறுக்கு உடைகிற சத்தம். பின்சீட்டில் வைத்திருந்த கண்மறைப்பின் மேல் அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்து அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக் காட்டி, "இது முக்கியமா?" என்று கேட்டாள். கழகத்தில் வேறு மறைப்பு இல்லை. கேப்டன் வானத்தைப் பார்த்தார். கிழக்கே மலைகளின் மேல் மேகம் நன்றாகக் கட்டியிருந்தது. "உன் ஊர் மேகம் இருக்கே, அது போதும். ஆனா நிஜ மேகம் மட்டும்தான் கணக்கு" என்றார். அதாவது, மேகம் விலகினால் என் நேரமும் விலகும்.

மலையுச்சிகளுக்கு மேலே நல்ல உயரத்தில், மேகத்துக்குள் புகுந்தோம். வெள்ளை. உடம்பு உடனே இடப்பக்கம் இழுத்தது. நான் கருவியைப் பார்த்தேன், நிமிர்ந்தேன். கேப்டன் சொன்ன திசைக்குத் திரும்பினேன், சொன்ன உயரத்தில் நின்றேன். பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்: அன்று நான் ஓட்டியது போல அந்தக் கழகத்தில் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பயமாவது! கைப்பையிலிருந்து, மருந்து தீர்ந்து பாதிக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த இருமல் மருந்துப் புட்டியை எடுத்து, படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயிற்சிக்கு ஆகுமென்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். கேப்டன் என்னை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்துத் திருப்பச் சொன்னார். சாய்த்தேன்.

"நேராத்தான் போறோம்" என்றாள் அக்கா. "தண்ணி சாயலையே."

கேப்டன் சிரித்துக்கொண்டே என் முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானத்தைக் காட்டினார். அதில் நாங்கள் கவிழாத குறையாகச் சாய்ந்திருந்தோம். விமானம் ஒழுங்காகத் திரும்பும்போது புட்டியில் இருக்கிற தண்ணீரும் அதோடு சேர்ந்தே திரும்பும், அதனால் மட்டம் மாறாது என்று சொன்னார். அக்கா புட்டியையும் கருவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "தண்ணிகூடப் பொய் சொல்லுதுடா!" என்றாள். அவள் முகத்தில் ஒரு பரம திருப்தி. தண்ணீரின் மேல் அவளுக்கு ஏற்கெனவே இருந்த வழக்கில் இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

அப்போதுதான் மேகம் பிய்ந்தது. வெள்ளைச் சுவர் சட்டென்று முடிந்து, கீழே ஓர் ஆழமான கிணறு மாதிரித் திறந்தது. கிணற்றின் அடியில் பச்சை. சீப்பால் வாரியது போல வரிவரியாகத் தேயிலை. அதன் நடுவில் தொழிற்சாலையின் தகரக்கூரை. அதற்குக் கீழே, தீப்பெட்டிகளை ஒட்டிவைத்த மாதிரி ஒரு வரிசை. பின்னால் இருந்து ஒரு கூச்சல்: "டேய்! நம்ம லயன்டா! அந்தா பாரு, கோயில் கொடி! அந்தா, பாதை! இவ்ளோ சின்னதாடா நம்ம பாதை? இதுலயாடா நான் இத்தன வருஷம் ஏறி எறங்கறேன்?" நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என் பெற்றோர் என்னைக் கல்லாகப் பெறவில்லை. கேப்டனும் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். அக்கா கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி, பெயர் பெயராகச் சொல்லி ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பிறகு மேகம் மூடியது. மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. ஈப்போவில் இறங்கியபோது, திடலின் ஓரத்தில் பல் டாக்டர் வெள்ளைக் கால்சட்டையும் நீச்சல் மிதவையுமாக நின்றுகொண்டிருந்தார்.

கழகத்தின் மேசையில் லாக்புக்கைத் திறந்தேன். மொத்தத்தில் ஒன்றரை மணி நேரம் பறந்திருந்தோம். புறப்பட்டதையும் இறங்கியதையும் தள்ளினால் ஒரு மணிக்கு மேலேயே வந்தது. தேர்வுக்குத் தாராளமாகப் போதும். மேகம் திறந்திருந்த நேரத்தைத் தள்ளினால் ஒரு மணிக்குப் பத்து நிமிடமோ என்னவோ குறைந்தது. கேப்டன் பேனாவை என் பக்கம் தள்ளினார். "எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, பல் டாக்டரின் மிதவையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் எதை எழுதியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா? இதை நான் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதில்தான் மரியாதை இருக்கிறது.

அக்கா என் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ வேணும் உனக்கு?" என்றாள். சொன்னேன். "எவ்ளோ இருக்கு?" அதையும் சொன்னேன். மேகம் திறந்த நேரத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றேன். அவள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். தராசும் உன் கையில, பென்சிலும் உன் கையில. உண்மையைச் சொன்னால், அதை அவள் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அக்கா அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டாள்: "அத சேத்து எழுதினா, அந்த நேரம் பூரா வெளிய ஒண்ணுமே தெரியலன்னு அர்த்தமா?"

"ஆமா."

"அப்ப நான் நம்ம லயனப் பாத்தது?"

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன்.

"நான் பாத்தேன்டா. கோயில் கொடி வரைக்கும் பாத்தேன். நாளைக்குப் போயி எல்லாருகிட்டயும் சொல்லப்போறேன். நீ இங்க ஒண்ணுமே தெரியலன்னு எழுதிவச்சா எப்படி? கழி. நான் பாத்தத கழி."

கழித்தேன். எழுதினேன். கடைசியில் குறிப்புக்கென்று இருக்கும் இடத்தில், வழக்கத்துக்கு விரோதமாக, தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "மேகம் திறந்தது. அக்கா தோட்டத்தைப் பார்த்தாள்." கேப்டன் தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அக்காவைப் பார்த்து, முதன்முதலாகத் தன் தமிழில் ஒரு மரியாதை விகுதியைச் சேர்த்து, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார்.

திங்கட்கிழமை மற்றவர் தேர்வு எழுதி, தேறி, அந்த வேலைக்குப் போனார். நல்ல மனிதர். நான் அவர் ஓட்டப்போகும் விமானத்தை ஒருமுறை கழுவிக்கூடக் கொடுத்தேன், மிக நன்றாக. பிறகு மழைக்காலம் வந்தது. எனக்கு வேண்டிய மேகம் ஒரே வாரத்தில் கிடைத்தது. அடுத்த தேர்வில் தேறி, எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். பல மாதம் தாமதம்தான். அந்தத் தாமதம் எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் எதை எழுதவும் எனக்குக் கை தயங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் பின்சீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அது ஒரு தைரியம்.

அக்கா தோட்டத்துக்குத் திரும்பி முதல் வேலையாக நிறுவைக் கொட்டகைக்குப் போனாளாம். "எந்தம்பி ஆகாசத்துல, தான் கண்ணால பாத்தத மட்டும் கழிக்கிறான். வேலையே போச்சு, ஆனா பாக்காம கழிக்கல, பாத்தத விடல. நீங்க இங்க தரையில ஒக்காந்துகிட்டு எட்டிக்கூடப் பாக்காம கழிக்கிறீங்க!" என்றாளாம். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு கிராணி ஒவ்வொரு கூடைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்துத்தான் கழித்தார் என்று சொல்வார்கள். ஈரமான கையைத் துடைக்க ஒரு துண்டும் வாங்கிக்கொண்டாராம். அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு சிரிப்பு.

இப்போது அக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அதே மலையில், கோலா தெர்லாவில் மகனோடு இருக்கிறாள். அவன் தோட்டத்தில் ரோஜா பயிரிடுகிறான். அக்கா அவனையும் கிண்டல் செய்கிறாள். போன தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் தொங்கும் கூடையைப் பார்த்ததும், "எறக்குடா" என்றாள். "மாட்டு." என் மனைவியும் மருமகள்களும் சமையலறையிலிருந்து தலையை நீட்டினார்கள். நான் மாட்டினேன். ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றி இறக்கிய கேப்டன், வேட்டியோடு, தலையில் கூடையோடு நின்றேன். அதே சாக்கு வாசனை. மேலே இருந்த ஓட்டை வழியே கூடத்து விளக்கின் வெளிச்சம் விழுந்தது.

"நேரா வா" என்றது குரல். "சாயற. வயசாயும் பீச்சாங்கைப் பக்கம்தான் சாயற. நிமிரு. இப்ப சோத்தாங்கை. இன்னும் ரெண்டு அடி." நம்பி நடந்தேன். நேராகப் போய் குளிர்சாதனப் பெட்டியில் மோதினேன். சமையலறை சிரித்தது. கொட்டகைச் சிரிப்பேதான்.

"எவ்ளோ நேரம்டா கண்ணு தெரியாம வந்த?" என்றாள் அக்கா, மூச்சு வாங்கச் சிரித்தபடி. "எழுதிக்க."

மார்பில் பலகை இல்லை. வழி முழுக்க, கூடையின் வாய்க்குக் கீழே, எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வந்த இரண்டு பாதங்களைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். அட்டை கடித்த பழைய வடுக்கள் உள்ள பாதங்கள்.

"ஒன் காலு தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுக்கா" என்றேன், கூடைக்குள்ளிருந்து. "கழிச்சிரு."